நீளம் குறையாமல் நீளமுடிக்கு நுனி வெட்டுவது எப்படி?

இடுப்புக்குக் கீழே முடி வைத்திருப்பவர்களுக்குப் பார்லர் நாற்காலியில் உட்கார்ந்தாலே வயிற்றைக் கலக்கும். "நுனி மட்டும் கொஞ்சம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து பார்த்தால் தரையில் நாலு விரல் நீளத்துக்குக் கிடக்கும். அந்தப் பயத்தில் இரண்டு மூன்று வருடம் கத்தரியே படாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. அதற்குள் நுனி வெடித்து, வெடிப்பு மேலேறி, கடைசியில் ஒரேயடியாக அரை அடி எடுக்க வேண்டியதாகிவிடும். இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது. அதற்குக் கத்தரிக்கு முன்னால் வேண்டியது ஒரு இஞ்ச் டேப்.

கணக்கை முதலில் போடுங்கள்

தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 முதல் 1.25 செ.மீ. வளரும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். வருடத்துக்கு 15 செ.மீ., அதாவது ஆறு இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய் இரண்டு இஞ்ச் வெட்டிக்கொண்டால் வருடத்தில் எட்டு இஞ்ச் போகிறது. வளர்ந்தது ஆறு. "எனக்கு முடி வளரவே மாட்டேங்குது" என்று சொல்கிற பலருக்கு முடி ஒழுங்காகத்தான் வளர்ந்துகொண்டிருக்கிறது. வளர்ந்ததற்கு மேலே பார்லரில் விட்டுவிட்டு வருகிறார்கள், அவ்வளவுதான். அதே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அரை இஞ்ச் மட்டும் எடுத்தால் வருடத்துக்கு இரண்டு இஞ்ச் போகும், நாலு இஞ்ச் மிஞ்சும்.

நுனி வெட்டினால் முடி வேகமாக வளரும் என்பது சும்மா சொல்வது. முடி வளர்வது தோலுக்குள் இருக்கிற வேரில். வெளியே தொங்குவதற்கு உயிர் கிடையாது, நுனியில் கத்தரி பட்டதை வேர் அறியாது. வெட்டுவதால் கிடைக்கும் லாபம் வேறு: உடைவது குறையும், வேரில் வளர்ந்தது நுனியில் தங்கும். வளர்பிறையில் வெட்ட வேண்டும் என்று பாட்டிகள் சொல்வதிலும் முடிக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் மாதம் ஒரு தடவை நுனியை எடுத்துப் பார்க்க நிலாவை ஞாபகக் குறிப்பாக வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்தான்.

அளப்பது இப்படி. முடி நன்றாகக் காய்ந்து, சிக்கெடுத்து இருக்க வேண்டும். நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் டேப்பின் நுனியை வைத்து, உச்சி வழியாகப் பின்னால் இறக்கி, முடி முடியும் இடம் வரை ஒருவர் பிடித்துப் பார்க்கட்டும். தேதியோடு எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து இதே மாதிரி அளந்தால் உங்கள் முடி எவ்வளவு வளர்கிறது என்று தெரிந்துவிடும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டால் நீளம் ஏறிக்கொண்டே இருக்கும். அளக்காமல் வெட்டுகிறவர்களுக்கு எல்லாமே "கொஞ்சம்"தான்.

வெட்டத்தான் வேண்டுமா என்று பாருங்கள்

உச்சியிலிருந்து 90 செ.மீ. நீளமுள்ள முடியின் நுனிக்கு வயது ஆறு. ஆறு வருட வெயில், சீப்பு, உப்புத் தண்ணீர், ரப்பர் பேண்ட் எல்லாம் அதன்மேல் பட்டிருக்கிறது. முடியின் மேல் செதில் செதிலாக ஒரு மேலுறை இருக்கும். அது தேய்ந்து போனதும் உள்ளே இருக்கும் நார்கள் பிரிந்துகொள்கின்றன. அதைத்தான் நுனி வெடிப்பு என்கிறோம்.

பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மடியில் வெளிர் நிறத் துணி ஒன்றை விரித்து, ஒரு விரல் கனத்துக்கு முடியை எடுத்து அதன்மேல் வையுங்கள். நுனி இரண்டாகப் பிரிந்திருப்பது சுலபமாகத் தெரியும். சிலவற்றில் ஒரே பக்கமாக இறகு மாதிரிக் கிளை கிளையாகப் பிரிந்திருக்கும். நுனிக்கு ஒன்றிரண்டு இஞ்ச் மேலே கடுகை விடச் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அந்த முடி அந்த இடத்தில் நொறுங்கத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். லேசாக இழுத்தாலே அங்கே ஒடியும். சும்மா இருக்கும்போது வெடித்த முடியைக் கையால் பிய்த்துப் பிரிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை மட்டும் விட்டுவிடுங்கள், பிளவு ஒரு சாண் மேலேறிவிடும்.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பின்னல் கீழே மெலிந்திருந்தாலே நுனி கெட்டுவிட்டது என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள். மெலிவதற்குக் காரணம் மூன்று. முதலாவது இயற்கை. எல்லா முடியும் ஒரே வயது கிடையாது. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஏழு வருடம் வளர்ந்துவிட்டு உதிரும், அந்த இடத்தில் புதிது முளைக்கும். அதனால் எந்த நீளமுடியும் கீழே போகப் போகக் கொஞ்சம் மெலியத்தான் செய்யும். இரண்டாவது வெடிப்பும் ஒடிவும். மூன்றாவதுதான் யாரும் யோசிக்காதது: பழைய முடி உதிர்வு. பிரசவம், டைபாய்டு, டெங்கு மாதிரி உடம்பை உலுக்கிய விஷயத்துக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிரும். பிறகு அவ்வளவும் ஒரே சமயத்தில் முளைக்கும். மூன்று வருடத்துக்கு முன் குழந்தை பெற்றவருக்கு அந்த முடியெல்லாம் இப்போது சுமார் 40 செ.மீ. வளர்ந்திருக்கும். அதற்குக் கீழே பின்னல் சட்டென்று மெலிந்திருக்கும். அது கெட்ட முடி இல்லை, ஆட்கள் குறைவு. மேலே இருப்பது கீழே இறங்கி வரக் காத்திருந்தால் போதும். "எலிவால்" என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக வெட்டிவிடாதீர்கள்.

எது என்று கண்டுபிடிக்க நுனியைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக, கூராக முடிந்தால் இயற்கையாக மெலிந்தது. சொரசொரவென்று, விரலில் மாட்டி, சீப்பு கடைசி நாலு இஞ்சில் எப்போதும் சிக்கினால் வெட்ட வேண்டியதுதான்.

கத்தரி

சமையலறைக் கத்தரி, தையல் கத்தரி, பிள்ளைகள் பேப்பர் வெட்டும் கத்தரி எதுவும் வேண்டாம். மழுங்கிய கத்தரி முடியை வெட்டாமல் நசுக்கும். நசுங்கிய இடத்திலிருந்து அடுத்த வெடிப்பு தொடங்கும். முடி வெட்டும் கத்தரி ஐந்தரை, ஆறு இஞ்சில் கிடைக்கும். ஒன்று வாங்கி, முடியைத் தவிர வேறெதிலும் படாமல் ஒரு துணியில் சுற்றி வையுங்கள். வீட்டில் யாராவது ஒரு தடவை பால் பாக்கெட் வெட்டினால் தீர்ந்தது. பல் போட்ட கத்தரியும் பிளேடும் நீளமுடிக்கு ஆகாது, நுனியைக் கண்டபடி மெலிய வைத்துவிடும்.

இது தவிர அகலப் பல் சீப்பு, மெல்லிய சீப்பு, நாலைந்து துணி ரப்பர் பேண்ட், இரண்டு கிளிப். போதும்.

நீளத்தில் கை வைக்காமல் வெடிப்பை மட்டும் எடுப்பது

நீளம் ஒரு துளியும் குறையக் கூடாது என்பவர்களுக்கு இதுதான் வழி. பொறுமை வேண்டும், டிவி பார்த்துக்கொண்டே செய்ய முடியாது. காய்ந்த முடியை ஏழெட்டுப் பகுதியாகப் பிரித்துக் கிளிப் போடுங்கள். ஒரு பகுதியிலிருந்து விரல் கனத்துக்கு எடுத்து, வெளிச்சத்தில் விரித்து, வெடித்த முடியை மட்டும் தனியாகப் பிரித்து, பிளவு முடியும் இடத்துக்கு அரை செ.மீ. மேலே வெட்டுங்கள். பிளவுக்கு ஒட்டி வெட்டினால் உள்ளே தெரியாத விரிசல் மிச்சம் இருக்கும், இரண்டு வாரத்தில் திரும்ப வாயைப் பிளக்கும். கத்தரியை முடிக்குக் குறுக்கே நேராகப் பிடியுங்கள். சாய்வாக வெட்டினால் உள்நார் அதிகமாக வெளியே தெரியும். வெள்ளைப் புள்ளி இருந்தால் புள்ளிக்கு மேலே.

ஒரே நாளில் முழுத் தலையையும் முடிக்கப் பார்க்காதீர்கள். அரை மணி நேரத்துக்கு மேல் போனால் கண் சோர்ந்து நல்ல முடியையும் வெட்டத் தொடங்கிவிடுவோம். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு பகுதி என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் தலை முழுக்க முடிந்துவிடும்.

முடியை முறுக்கி, வெளியே துருத்தி நிற்பதையெல்லாம் கத்தரியால் தடவி எடுக்கும் முறை வீடியோக்களில் நிறைய வரும். பார்க்க அழகாக இருக்கும், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. துருத்தி நிற்பதில் பாதி வெடித்தது, மீதி இப்போதுதான் வளர்ந்து வரும் நல்ல குட்டை முடி. இரண்டையும் கத்தரிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நுனி வெட்டும் மெஷின்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

வீட்டில் ஒருவர் துணையோடு

அம்மா, தங்கை, கணவர் யாராக இருந்தாலும் சரி, அவசரப்படாத ஆளாக இருக்க வேண்டும். குறுக்குக் கோடு போட்ட டீ-ஷர்ட் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், வெட்டுகிறவருக்கு மட்டம் தெரியும். முடி அதையும் தாண்டிக் கீழே போகும் என்றால் இடுப்பில் நேராகக் கட்டிய துண்டின் விளிம்பு உதவும்.

முடி காய்ந்திருக்கட்டும். ஈரமான முடி நீளும், அப்போது ஒரு இஞ்ச் என்று வெட்டியது காய்ந்ததும் ஒன்றரை மாதிரித் தெரியும். சுருட்டை முடிக்கு இது இன்னும் மோசம். காய்ந்து, தன் சுருளில் தொங்கும்போதுதான் அதை வெட்ட வேண்டும்.

நடுவகிடு எடுங்கள், பின்பக்கமும் பிடரி வரை நேராக. முடி முழுவதும் முதுகில் தொங்கட்டும். உட்கார வேண்டாம், நில்லுங்கள். நாற்காலியின் முதுகில் முடி பட்டால் கோடு கோணலாகும். இரண்டு காலிலும் சமமாக நின்று, எதிரே சுவரில் கண் மட்டத்தில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருங்கள். வெட்டுகிறவர் "தலையைக் குனி" என்பார், குனியாதீர்கள். போனும் பார்க்காதீர்கள். தலை சாய்கிற பக்கம் கோடும் சாயும்.

வெட்டுகிறவருக்கு: மெல்லிய சீப்பால் மேலிருந்து நுனி வரை வாருங்கள். நடுமுதுகில் இரண்டு விரல் அகலத்துக்கு முடியை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே தட்டையாகப் பிடித்து, இழுக்காமல், விரலைக் கீழே நகர்த்தி, விரலுக்குக் கீழே அரை இஞ்ச் மட்டும் தெரியும்போது நிறுத்துங்கள். வெட்டுங்கள். இந்த முதல் வெட்டுதான் மற்றதற்கெல்லாம் அளவு. இங்கே ஒரு இஞ்ச் போனால் எல்லா இடத்திலும் ஒரு இஞ்ச் போகும். அதனால் இதை வெட்டியதும் கையில் விழுந்த துண்டை முடிக்காரரிடம் காட்டிவிடுங்கள். சரி என்றதும் வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறிப் போகலாம். ஒவ்வொரு தடவையும் ஏற்கெனவே வெட்டிய முடியில் கொஞ்சத்தையும் சேர்த்துப் பிடித்தால் அளவு பிசகாது. ஒரே வெட்டில் முழு அகலத்தையும் கரகரவென்று வெட்ட வேண்டாம், கத்தரி தள்ளிக்கொண்டே போய் மறுபக்கம் குட்டையாகிவிடும்.

முடிந்ததும் உலுக்கி, திரும்ப வாரிப் பாருங்கள். இரண்டு மூன்று முடி நீட்டிக்கொண்டிருந்தால் அதை மட்டும் தட்டிவிடலாம்.

தனியாக வெட்டுவதானால்

தனியாள் வேலைக்குப் பிடரிக் கட்டுதான் கொஞ்சம் நம்பலாம். முடியைப் பின்னால் வாரி, பிடரியில் சரியாக நடுவில் இறுக்கமாக ஒரு ரப்பர் பேண்ட். அங்கிருந்து நாலு விரலுக்கு ஒன்றாக வரிசையாக ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டே வாருங்கள், ஒவ்வொன்றுக்கும் முன் சீப்பால் வாரிவிட்டு. கடைசி ரப்பர் பேண்டை நுனிக்கு மேலே எவ்வளவு எடுக்க வேண்டுமோ அந்த இடம் வரை இறக்கி, முடியை முன்னால் கொண்டுவந்து, ரப்பருக்குக் கீழே சின்னச் சின்னதாக வெட்டுங்கள். பிடரிக் கட்டு ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் அவிழ்த்ததும் கோணல் தெரியும். நேரம் போவது வெட்டுவதில் இல்லை, இந்த நடுவைப் பிடிப்பதில்தான்.

முடியை இரண்டாகப் பிரித்து இரு தோளிலும் முன்னால் போட்டு வெட்டினால் பின்னால் விட்டதும் 'வி' வடிவம் வரும். நடுமுதுகு முடி தோளைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருப்பதால் அது மட்டும் நீளமாகத் தங்கிவிடுகிறது. 'வி' பிடித்தவர்கள் தாராளமாகச் செய்யலாம். நெற்றிக்கு மேலே முடியை ஒரே கட்டாகக் கட்டி வெட்டுவதுதான் ஆபத்து. அது லேயர் கட். பின்னால் நீளம் தங்கும், ஆனால் முன்பக்க முடியும் மேல் முடியும் நன்றாகக் குட்டையாகும். பின்னல் போடுகிறவர்களுக்கு அது பெரிய தொல்லை. பின்னலின் நீளம் முழுக்க முள் முள்ளாக முடி வெளியே நிற்கும், கீழே பின்னலும் மெலியும். பின்னலின் அடியை அப்படியே நறுக்குவதும் வேண்டாம், அவிழ்த்ததும் படி படியாகத் தெரியும்.

பார்லருக்குப் போனால்

பார்லர்க்காரர்களை வில்லனாக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு வெட்டிய கோடு அடர்த்தியாக, நேராகத் தெரிய வேண்டும். மெலிந்த நுனியை விட்டுவைத்தால் வேலை அரைகுறையாகத் தெரியும் என்று, அடர்த்தி தொடங்கும் இடம் வரை ஏறிப்போகிறார்கள். அவர் முடியைத் தூக்கிப் பார்த்து, "எல்லாம் வெடிச்சிருக்கும்மா, மூணு இஞ்சாவது எடுக்கணும்" என்பார். அப்போது வாயால் பதில் சொல்வதை விட விரலால் சொல்வது நல்லது. உங்கள் முடியின் நுனியை நீங்களே பிடித்து, "இங்கே வரைக்கும்தான் அக்கா, இதுக்கு மேல ஒரு முடிகூட வேண்டாம்" என்று காட்டுங்கள். ஒரு விரற்கடை என்றால் எல்லாருக்கும் ஒரே அளவுதான். 'கொஞ்சம்' ஆளுக்கு ஆள் மாறும்.

ஸ்ட்ரெயிட் கட்டா, யூ கட்டா என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இப்போது நேராக இருக்கும் முடியை ஆழமான யூ ஆக்க இரு ஓரத்திலும் நிறைய எடுக்க வேண்டும். யூ-வை நேராக்க நடுவில் எடுக்க வேண்டும். வடிவம் மாற்றினாலே நீளம் செலவாகும். நீளம்தான் முக்கியம் என்றால் இருக்கிற வடிவத்தையே தொடரச் சொல்லுங்கள்.

தண்ணீர் ஸ்ப்ரே வேண்டாம், காய்ந்தபடியே வெட்டுங்கள் என்று கேளுங்கள். நிற்கிறேன் என்று சொல்லுங்கள். முதல் துண்டை வெட்டியதும் கையில் வாங்கிப் பாருங்கள், அதிகமாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்தலாம். "ரெண்டு பக்கமும் சமமா இல்லை, லேசாச் சரி பண்றேன்" என்று தொடங்கும்போது கவனமாக இருங்கள். நீளம் அதிகமாகக் காணாமல் போவது இந்தச் சமப்படுத்தலில்தான். இடது கொஞ்சம், வலது கொஞ்சம், திரும்ப இடது என்று இரண்டு இஞ்ச் பறந்துவிடும். இவ்வளவும் சொன்ன பிறகும் முகம் சுளிக்கிற இடம் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

நுனி ரொம்ப மெலிந்திருந்தால்

கடைசி 15 செ.மீ. ஒன்றுக்கும் உதவாது, ஆனால் வெட்டவும் மனசு வரவில்லை என்பவர்கள் மாதம் ஒரு செ.மீ. மட்டும் வெட்டுங்கள். மேலே அதே அளவு வளர்ந்துவிடுவதால் முடி இருந்த இடத்திலேயே நிற்கும். ஒரு வருடத்தில் கெட்ட நுனியில் பெரும்பகுதி போயிருக்கும், கண்ணாடியில் நீளம் குறைந்ததாகவே தெரியாது. அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று மாற்றிக்கொள்ளலாம்.

வெட்டியதைக் காப்பாற்றுவது

தலைக்குக் குளித்துவிட்டு முடியை முன்னால் போட்டுத் துண்டால் பட்டுப்பட்டென்று அடித்து உலர்த்தும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஈரமுடிக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. பழைய பருத்தித் துண்டில் சுற்றி, ஒற்றி எடுங்கள். சிக்கெடுக்கும்போது நுனியிலிருந்து மேலே போங்கள். டூவீலரில் முடியை விரித்துவிட்டுப் போகாதீர்கள், பின்னி உள்ளே சொருகுங்கள். கைப்பை வார் பின்னலின்மேல் உராய்வதையும் கவனியுங்கள், ஒரே பக்கம் மட்டும் வெடிக்கிறவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

குளிப்பதற்கு முன் நுனிக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவது வீண் வேலை இல்லை. 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கிற நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த எண்ணெய் முடிக்குள்ளே இறங்கக்கூடியது என்பது வேறு சோதனைகளிலும் தெரிந்த விஷயம். வெடித்த நுனியை ஒட்டவைக்கும் என்று விற்கும் சீரம் அடுத்த குளியல் வரை ஒட்டிவைக்கும், அதற்கு மேல் இல்லை.

வெட்டிய பிறகு ஒரு பக்கம் ஒரு செ.மீ. நீளமாக இருப்பது தெரிந்தால் அன்றே சரிசெய்யப் போகாதீர்கள். பின்னல் போட்டால் அது யார் கண்ணிலும் படாது. எந்தப் பக்கம் நீளம் என்று நோட்டில் அளவுக்குப் பக்கத்தில் குறித்து வைத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து அடுத்த தடவை வெட்டும்போது அந்தப் பக்கம் மட்டும் கூடுதலாக எடுத்தால் சமமாகிவிடும்.